பெயரில்லாத நகலும் நம்முடைய பழைய பிழையும்



2024ஆம் ஆண்டு ரமளானின் இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு. தராவீஹ் முடிந்து மதரஸாவின் திண்ணையில் அமர்ந்திருந்தோம். மார்ச் மாதத்தில் தென்காசிக்குச் சாரலும் இல்லை, தென்றலும் இல்லை. குற்றாலத்துப் பாறைகள் காய்ந்து கிடக்கும் காலம் அது. அவ்வேளையில் நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வேகமாக வந்து ஸலாம் கூறினார். அவருடைய தந்தைக்கு வயது எழுபதை நெருங்குகிறது. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர், இன்சுலின் போட்டுக்கொள்பவர். அன்று அஸருக்குப் பின் உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறி விழுந்துவிட்டார். தாகம்தான் காரணம் என்று வீட்டார் எண்ணி, முகத்தில் தண்ணீர் தெளித்து மஃரிபுக்குக் காத்திருந்திருக்கிறார்கள். பிறகே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். சர்க்கரை 42க்கு இறங்கியிருந்ததாம். அல்லாஹ்வின் அருளால் உயிர் பிழைத்தார்.

"நோன்பை விடச் சொல்லி உம்மா கெஞ்சினாங்க ஹஜ்ரத். வாப்பா கேட்கவில்லை. ஊசி போட்டாலும் நோன்பு கூடும், ஆலிம்களே எழுதியிருக்கிறார்கள் என்று இதைத்தான் காட்டினார்" என்று கைப்பேசியை நீட்டினார் அந்த இளைஞர்.

வாங்கிப் படித்தோம். முதல் வாக்கியத்தைப் படித்ததுமே நெஞ்சு சற்று நின்றது போலாயிற்று. அது நம்முடைய வாக்கியம். இரண்டாவதும் நம்முடையது. மூன்றாவது பத்தியில், குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் இன்சுலின் மருந்தை மண்பானைக்குள் வைத்துப் பாதுகாப்பது பற்றிக் கூறிவிட்டு, குற்றாலச் சாரல் காலத்தில் அந்தச் சிரமம் கூட நமக்கு இல்லை என்று ஒரு வரி சேர்த்திருந்தோம். அந்த வரியும் அப்படியே இருந்தது. வளைகுடாவிலிருந்து நடத்தப்படும் ஒரு வலைத்தளத்தில் குற்றாலச் சாரல் 'நமக்கு' எப்படிச் சொந்தமாயிற்று என்று எடுத்தவர் யோசிக்கவில்லை. 'தென்காசியில்' என்று நாம் எழுதிய ஓரிடத்தை மட்டும் 'நமது ஊர்களில்' என்று மாற்றியிருந்தார். நம் பெயர் எங்கும் இல்லை. வேறு பெயரும் இல்லை. மேலும் கீழும் விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

இத்தனையும் கண்ணில் பட்ட பிறகே அதில் இல்லாத ஒன்று நினைவுக்கு வந்தது. அதை வாசகர்களிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அக்கட்டுரையை நாம் 2023 பிப்ரவரி இறுதியில், ஷஅபான் மாதத்தில் எழுதினோம். மருத்துவ ஊசி நோன்பை முறிக்குமா, விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தால் நோன்பு என்னவாகும் என்று நம் பெண்கள் வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டதே அதற்குக் காரணம். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதுபற்றித் தெளிவான தீர்மானம் எடுத்திருக்கிறது. சிகிச்சைக்காகத் தோலிலோ தசையிலோ நரம்பிலோ போடப்படும் ஊசி நோன்பை முறிக்காது, உணவாக ஏற்றப்படும் திரவங்கள் மட்டும் அதில் அடங்கா, பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதும் நோன்பை முறிக்காது என்பது அதன் சாரம். இதை எளிய தமிழில் விளக்கி எழுதி வெளியிட்டோம். சட்டம் சரி. ஆனால் அந்தச் சட்டத்தைப் படிக்கப்போகிறவர் ஒரு நோயாளி என்பதை நாம் போதுமான அளவு நினைக்கவில்லை. ஊசி நோன்பை முறிக்காது என்பது வேறு, ஊசி போடும் நிலையில் உள்ளவர் நோன்பு நோற்கலாமா என்பது வேறு. இரண்டாவது கேள்வியை நாம் தொடவே இல்லை.

நான்காம் நாள் மதுரையில் பணிபுரியும் மருத்துவச் சகோதரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி கடினமாக இருந்தது. "இன்சுலின் எடுப்பவர் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு வழக்கமான அளவு மருந்தை ஸஹருக்குப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் என்ன ஆகும் ஹஜ்ரத்?" என்றார். அன்றிரவே ஒரு நீண்ட பத்தியைச் சேர்த்தோம். ரமளானுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும், இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ மஃரிபுக்கு ஒரு நிமிடமே இருந்தாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்றும், மருத்துவர் தடுத்தவருக்கு அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் தரும் சலுகை அல்லாஹ்வின் கொடை, அதை மறுப்பது பக்தியாகாது என்றும் எழுதினோம்.

அந்த இளைஞரின் கைப்பேசியில் இருந்த நகலில் இந்தப் பத்தி இல்லை. முதல் நான்கு நாட்களுக்குள் எடுக்கப்பட்ட நகல் அது. நம்மிடமிருந்து ஒருவர் நம் பிழையை எடுத்துச் சென்றிருந்தார். நாம் பிழையைத் திருத்திக்கொண்டோம், அவரிடம் அது திருத்தப்படாமல் ஓராண்டு வாழ்ந்திருக்கிறது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி திரும்பத் திரும்ப மனத்தில் வந்தது. நபித்தோழர்கள் ஒரு பயணத்தில் இருந்தபோது ஒருவர் தலையில் கல் பட்டுக் காயமடைந்தார். பின்னர் அவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் கூறிவிட்டார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் கடுமையாக வருந்தி, அவரைக் கொன்றவர்கள் அப்படிக் கூறியவர்களே என்ற பொருள்பட மொழிந்து, தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்று கண்டித்தார்கள். மாணவர்களுக்கு இந்த ஹதீஸைப் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியிருக்கிறோம். நம்மை நோக்கியும் அது பேசும் என்று அந்த இரவுதான் உணர்ந்தோம்.

மறுநாள் கூகுளில் தேடிப் பார்த்தோம். இன்சுலின் போட்டால் நோன்பு முறியுமா என்று தட்டச்சு செய்தால் முதலில் வந்தது அந்த நகல். அடுத்து வந்தது நகலின் நகல். அதில் குற்றாலமும் நீக்கப்பட்டிருந்தது, ஆனால் மண்பானை இருந்தது. நம் கட்டுரையைக் காணவில்லை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனபோது, ஏற்கெனவே காட்டியவற்றை மிகவும் ஒத்த சில முடிவுகள் விடப்பட்டுள்ளன என்ற அறிவிப்பு இறுதியில் தென்பட்டது. அந்த விடப்பட்டவற்றுள் ஒன்றாக நம் கட்டுரை ஒளிந்திருந்தது. மூலமே தன் நகலைப் போல இருக்கிறது என்பதற்காக மறைக்கப்பட்டிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் இப்போது பெங்களூருவில் மென்பொருள் துறையில் இருக்கிறார். பெருநாளுக்கு ஊர் வந்திருந்தார். பெருநாளுக்கு மறுநாள் குடும்பத்தோடு குற்றாலம் போவது நம் பக்கத்து வழக்கம் அல்லவா. தண்ணீர் இல்லை என்று தெரிந்தே அவரும் நாமும் ஐந்தருவிப் பக்கம் போனோம். பாறையில் நூல் போல நீர் வழிந்துகொண்டிருந்தது. அங்கே அமர்ந்து அவர் விளக்கினார்.

ஒரே வாசகம் பல இடங்களில் இருந்தால் கூகுள் அவற்றை ஒரு குழுவாகச் சேர்த்து, அதில் ஒன்றை மட்டும் பிரதிநிதியாகத் தேர்ந்து காட்டுகிறதாம். நகல் வைத்திருப்பதற்காகப் பொதுவாகத் தண்டனை எதுவும் கிடையாது, வடிகட்டல் மட்டுமே உண்டு என்று அந்நிறுவனம் 2008இலேயே விளக்கியிருக்கிறது. பிரச்சினை, எது பிரதிநிதி என்று தேர்வதில். முதலில் எழுதியவர் யார் என்பது இயந்திரத்துக்கு உறுதியாகத் தெரிய வழியில்லை. எத்தனை தளங்கள் அப்பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்துள்ளன, தளத்தின் நிலை என்ன, அதன் பக்கங்கள் எப்படித் தொடுக்கப்பட்டுள்ளன என்பன போன்ற அடையாளங்களை வைத்தே அது முடிவெடுக்கிறது. பெரிய தளங்களைக் கூகுளின் இயந்திரம் அடிக்கடி வந்து பார்க்கும். நம்முடையது போன்ற சிறிய தளங்களுக்கு எப்போதாவதுதான் வரும். ஆகவே நாம் திங்கட்கிழமை எழுதி, பெரிய தளம் செவ்வாய்க்கிழமை எடுத்துக்கொண்டால், இயந்திரம் அவர்கள் வீட்டில்தான் அதை முதலில் பார்த்திருக்கக்கூடும். 2011இல் 'பாண்டா' என்ற பெயரில் வந்த மாற்றம், பிறர் எழுத்தை அள்ளிக்கொண்டு வாழும் தளங்களைக் கீழே இறக்கும் நோக்கமுடையது. ஆனாலும் தமிழில் தேடுகிறவருக்கு இந்த நிலைதான் என்று அவர் கைகளை விரித்தார்.

"நீங்கள் திருத்தியதும் ஒரு காரணமாக இருக்கலாம் ஹஜ்ரத்" என்று தயங்கியபடி சேர்த்தார். "உங்கள் பக்கம் பிறகு மாறியது. அவர்கள் பக்கம் மாறவே இல்லை. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?"

முதலில் அந்தத் தளத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினோம். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. தீனுடைய அறிவு எவருடைய சொத்தும் அல்ல, அறிவை மறைப்பவருக்கு மறுமையில் நெருப்புக் கடிவாளம் என்று எச்சரிக்கை இருக்கிறதே, பெயருக்காகவா நீங்கள் எழுதுகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். கடைசிக் கேள்வி தைத்தது. அதில் பாதி உண்மை இருந்ததால் தைத்தது. நகலைப் பார்த்த முதல் நொடியில் நாம் தேடியது அந்தப் பெரியவரின் நலத்தையா, நம் பெயரையா? பெயரைத்தான் முதலில் தேடினோம். அல்லாஹ் மன்னிப்பானாக.

ஆனால் அறிவு பொது என்பதும் அறிவித்தவர் யார் என்பதை அழிப்பதும் ஒன்றல்ல. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு ஏற்று, பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியது. அதன் பிறகு எவர் வேண்டுமானாலும் அச்சிடலாம், பாடலாம். எவரும் அவற்றைப் பெயரின்றிப் பாடத் தொடங்கிவிடவில்லை. நம் மார்க்கத்திலோ இந்த உணர்வு மிகப் பழையது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரைக் குறை கூறும் சொற்களுள் 'ஹதீஸைத் திருடுகிறவர்' என்பதும் ஒன்று. ஒரு செய்தியை ஒருவர் மட்டுமே தம் ஆசிரியரிடமிருந்து அறிவித்திருக்க, தாமும் அந்த ஆசிரியரிடம் நேரில் கேட்டதாக இன்னொருவர் கூறிக்கொள்வதை இமாம் தஹபி (ரஹ்) போன்றோர் இவ்வாறு விளக்கினர். கவனியுங்கள், செய்தி உண்மையான செய்திதான். அதன் வழி பொய். வழி பொய்யானதால் அந்த மனிதரிடமிருந்து வேறு எதையும் வாங்குவதற்கு அவர்கள் அஞ்சினார்கள்.

இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்களுக்கும் இமாம் கஸ்தல்லானி (ரஹ்) அவர்களுக்கும் இடையே நடந்ததை நம் உஸ்தாது சுவையாகச் சொல்வார். இருவரும் ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கெய்ரோவில் வாழ்ந்த மேதைகள். கஸ்தல்லானி தம் நூல்களிலிருந்து பெயர் கூறாமல் எடுக்கிறார் என்று ஸுயூத்தி, ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அல்அன்ஸாரியிடம் முறையிட்டார். ஆதாரம் கேட்கப்பட்டது. இவர் பைஹகீ கூறினார் என்று பல இடங்களில் எழுதுகிறார், பைஹகீக்கு நூல்கள் பல, எந்த நூலில் கண்டார் என்று சொல்லட்டும் என்றார் ஸுயூத்தி. அதற்கு விடை வரவில்லை. பைஹகீயிடமிருந்து ஸுயூத்தி எடுத்துக் கூறியதாக எழுதுவதே நேர்மையாக இருந்திருக்கும் என்பது அவருடைய வாதம். பிற்காலத்தில் கஸ்தல்லானி அவரது மனத்தைக் குளிர்விக்க எண்ணி, ரவ்ளாவில் இருந்த வீட்டுக்கு வெறுங்காலோடு நடந்து சென்று கதவைத் தட்டினார். யார் என்று உள்ளிருந்து குரல் வந்தது. உங்கள் உள்ளம் என்னைப் பொருந்திக்கொள்ள வேண்டி வந்திருக்கிறேன் என்றார். என் உள்ளம் பொருந்திக்கொண்டது என்று ஸுயூத்தி உள்ளிருந்தே கூறினார். கதவைத் திறக்கவில்லை.

உஸ்தாது கதையை இங்கே நிறுத்தி, மாணவர்கள் வியந்து முடித்த பிறகு மற்றொன்றைச் சொல்வார். அதே ஸுயூத்தியின் மீது அவருடைய சமகாலத்தவரான ஸகாவி, பிறருடைய நூல்களை எடுத்துச் சிறிது மாற்றித் தம் பெயரில் வெளியிட்டார் என்று எழுதி வைத்திருக்கிறார். 'நூலாசிரியருக்கும் திருடருக்கும் உள்ள வேறுபாடு' என்ற பொருளில் ஒரு சிறு நூலையே எழுதியவர் ஸுயூத்தி. அவருக்கே இந்தப் பழி.

இந்தக் கதை நமக்கும் திரும்பி வந்தது. கூகுளிடம் முறையிட ஒரு படிவம் இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்றின் அடிப்படையில் அமைந்தது அது. மூலத்தின் முகவரி, நகலின் முகவரி, நம் பெயர் ஆகியவற்றைக் கொடுத்து, இது நம்முடைய எழுத்துதான், பொய்யுரைத்தால் தண்டனைக்கு உட்படுவோம் என்று உறுதி கூற வேண்டும். நம் நாட்டுச் சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதிய உடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயம் அல்ல. அதன் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட ஆசிரியருக்குக் கூட, இது என் எழுத்து என்று கூறும் உரிமையையும், தம் பெயருக்கு இழுக்கு வரும்படி எழுத்தைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையையும் விட்டுவைக்கிறது. இணையத்தில் நகலைத் தாங்கி நிற்கும் நிறுவனத்துக்கு எழுத்துபூர்வமாக முறையிட்டால் 36 மணி நேரத்துக்குள் அதை அணுக முடியாமல் செய்ய வேண்டும், 21 நாட்களுக்குள் முறையிட்டவர் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் அது திரும்பவும் வெளிவரலாம் என்று 2013ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்று ஐயுறுவோருக்கு, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியரின் உரிமை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டது, அதில் அத்துமீறுவது கூடாது என்று தீர்மானித்திருப்பதை நினைவூட்டுகிறோம்.

படிவத்தின் உறுதிமொழிக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. ஒரு முஸ்லிமுக்கு உறுதிமொழி விளையாட்டல்ல. இந்தக் கட்டுரை முழுவதும் நம்முடையதுதானா என்று வரி வரியாகப் படித்தோம். உணவு உட்செல்லும் இயல்பான வழிக்கும் ஊசி செல்லும் வழிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் பத்தி ஒன்று இருந்தது. கட்டுரையில் எல்லோரும் பாராட்டிய பகுதி அது. அந்த விளக்கம், கொடுத்த உவமை உட்பட, நம் உஸ்தாது வகுப்பில் சொன்னது. இருபது ஆண்டுகளுக்கு முன் குறிப்பேட்டில் எழுதி வைத்ததை நாம் அப்படியே எடுத்து எழுதியிருந்தோம். அவர் பெயரைப் போடவில்லை. திருத்தத்தைச் சொன்ன மருத்துவரையும் குறிப்பிடவில்லை. திட்டமிட்டுச் செய்யவில்லை என்று நமக்கு நாமே கூறிக்கொண்டோம். அந்த வளைகுடாத் தளத்தாரும் தமக்குத் தாமே ஏறத்தாழ அதையே கூறிக்கொண்டிருப்பார்கள்.

படிவத்தை மூடிவிட்டு, முதலில் நம் கட்டுரையைத் திருத்தினோம். அந்தப் பத்தி யாருடைய பாடம் என்றும், மருத்துவப் பகுதி யாருடைய அறிவுரையால் எந்தத் தேதியில் சேர்க்கப்பட்டது என்றும் எழுதினோம். உஸ்தாது வஃபாத்தாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய மகனாரிடம் போய்ச் செய்தியைச் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, "வாப்பா அவங்க உஸ்தாதுகிட்ட கேட்டதுதானே ஹஜ்ரத்" என்றார். அதையும் சேர்த்து எழுதினோம்.

அதன் பின்னரே படிவத்தை அனுப்பினோம். சில நாட்களில் தேடலில் இருந்து அந்தப் பக்கம் நீங்கியது. தளத்தில் அது இருந்தது, கூகுளில் மட்டும் தெரியவில்லை. நம் முறையீட்டின் விவரம் அவர்களுக்கும் போயிருக்க வேண்டும். ஒரு மாலை, அயல்நாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. மீண்டும் வந்தது. தாம் அந்தத் தளத்தை நடத்துபவர் என்றும், பேச வேண்டும் என்றும் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். இரண்டு நாட்கள் நாம் அந்த எண்ணைத் திரும்ப அழைக்கவில்லை. வேலை இருந்தது என்று வீட்டில் சொன்னோம். வேலை ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் பேசினோம். முப்பது வயதுகூட இராத பிள்ளை. நம் மாவட்டத்துக்காரர்தான். பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார், இரவில் தளத்தைப் பார்க்கிறார். விளம்பரத்தில் வருவது தளத்தின் செலவுக்கே போதவில்லை என்றார். நாம் அதை விசாரிக்கவில்லை. முன்பு பதில் எழுதியது வேறொருவராம். எங்கோ பகிரப்பட்டு வந்ததைத்தான் எடுத்தோம், உங்களுடையது என்று தெரியாது என்றார். அப்போது அந்தப் பெரியவரைப் பற்றிச் சொன்னோம். நெடுநேரம் மறுமுனையில் பேச்சில்லை. "அழித்துவிட்டேன் ஹஜ்ரத்" என்று சற்று நேரத்தில் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போதே அழித்துவிட்டிருக்கிறார்.

அழிக்க வேண்டாம் என்று சொல்லத்தான் நாம் வாயெடுத்தோம். ஓராண்டாக அந்தப் பக்கத்தைப் படித்துச் சென்றவர்கள் எத்தனை பேரோ. அவர்களுள் எவரேனும் அடுத்த ரமளானில் ஐயம் தீர்க்க மீண்டும் அங்கே வந்தால் வெற்றுப் பக்கத்தைத்தான் காண்பார்கள், பழைய செய்தி மனத்தில் அப்படியே நிற்கும். திருத்தம் பிழை போன இடங்களுக்கெல்லாம் போக வேண்டும் அல்லவா. ஆகவே அதே முகவரியில், முன்பு இங்கிருந்த கட்டுரை முழுமையற்றது என்ற அறிவிப்பையும், திருத்தத்தையும், மூலத்துக்கான இணைப்பையும் போடச் சொன்னோம். அவர் போட்டார். நாமும் கூகுளிடம் தந்த முறையீட்டைத் திரும்பப் பெற்றோம்.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இராக்கில் இருந்தபோது கூறியவற்றுள் பலவற்றை, ஹிஜ்ரி 199இல் எகிப்துக்குச் சென்ற பிறகு மாற்றிக்கொண்டார்கள். பழைய கருத்துகளைத் தம் பெயரால் அறிவிக்க வேண்டாம் என்று கூறியதாகவும் செய்தி உண்டு. இருந்தும் பழைய நூலின் பிரதிகள் பரவத்தான் செய்தன. பின்வந்த அறிஞர்கள் எது பழைய சொல், எது புதிய சொல் என்று பிரித்து எழுதினார்கள். அவர்களால் அது முடிந்தது. ஏனெனில் ஒவ்வொரு சொல்லுக்கும் சொன்னவர் பெயரும், கேட்ட மாணவர் பெயரும், கேட்ட ஊரும் ஒட்டிக்கொண்டிருந்தன. ராவியின் பெயர் இல்லாமல் போயிருந்தால், இராக்கின் சொல்லும் எகிப்தின் சொல்லும் கலந்து போய் எவரும் பிரித்திருக்க முடியாது. பெயருக்காகவா எழுதுகிறீர்கள் என்ற கேள்விக்கு நம்மால் தர முடிந்த விடை இவ்வளவுதான். பெயர் இருந்தால் தவறைத் தேடி வர ஒரு வாசல் இருக்கும்.

நகலின் நகல் இன்னும் எங்கோ இருக்கிறது. அதன் உரிமையாளர் யார் என்றே தெரியவில்லை. வாட்ஸ்அப்பிலோ, சென்ற ரமளானுக்கு முன் நம் மைத்துனர் குடும்பக் குழுவில் அந்த முதல் வடிவத்தை நமக்கே அனுப்பி, பயனுள்ள செய்தி, பரப்புங்கள் என்று எழுதியிருந்தார். திருத்தத்தைக் கீழே போட்டோம். எத்தனை பேர் படித்தார்களோ.

இப்போது நம் மாணவர்கள் ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பின் கீழும், எழுதிய தேதியையும் கடைசியாகத் திருத்திய தேதியையும் போடுகிறார்கள். மருத்துவம் தொடர்பானது எதுவானாலும் ஒரு மருத்துவர் பார்க்காமல் வெளியிடுவதில்லை. இதனால் கட்டுரைகள் தாமதமாகின்றன, வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அந்தப் பெரியவருக்கு 2025 ரமளானில் மருத்துவர் நோன்பை முற்றிலும் தடுத்துவிட்டார். முதல் நாள் அழுதாராம். பிறகு ஒவ்வொரு நாளும் அஸருக்கு முன் ஃபித்யாவுக்குரிய அரிசியைத் தாமே அளந்து எடுத்துக்கொண்டு ஓர் ஏழை வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் மதரஸா திண்ணையில் சற்று அமர்வார். பதினேழாம் நோன்பன்று, ஃபித்யாவின் அளவு பற்றி நாம் எழுதியிருந்த புதிய கட்டுரையை அச்செடுத்து அவரிடம் கொடுத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டுரையைப் படிக்காமல், தாளின் மேற்பகுதியில் எதையோ விரலால் தேடினார்.

"இதுக்கு அப்புறம் ஒண்ணும் மாத்தலையே ஹஜ்ரத்?" என்று கேட்டார்.